அடுப்புக்கு வந்த காட்டுச் செங்கல்

அன்பு மகன் டேரியனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையில் இங்கே எல்லாரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் சியாட்டில் மழையில் சளி பிடிக்காமல் இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். சனிக்கிழமை சொந்தக்காரர்கள் எல்லாரும் சிப்பி சுட வந்திருந்தார்கள். உன் அப்பா முதுகு ஒடியக் கட்டிய புது அடுப்பில்தான் தீ மூட்டினோம். எல்லாம் மரக் கம்பெனி வேலி சாய்ந்துகிடக்கிற ஆற்றங்கரைப் பழைய சூளைக் காட்டில் எடுத்த செங்கல். அடிமைக் காலத்தில் நம் கறுப்பு ஜனம் மண் மிதித்து, அச்சில் அறைந்து, சுட்டெடுத்தது, இன்னும் ஒரு மூலை உதிரவில்லை, சார்ல்ஸ்டன் நகரத்துப் பணக்காரர்கள் தேடிப் பிடித்து முற்றத்தில் பதிக்கிறார்கள், நம் வீட்டில் ஏன் இருக்கக் கூடாது என்று வந்தவர்களிடமெல்லாம் ஒரே பெருமை. மனிதரைக் கையில் பிடிக்க முடியவில்லை.

உன் ஒஸெல்லா அத்தை தாமதமாகத்தான் வந்தாள். அந்த வேலி போடுவதற்கு முன் அந்தக் காட்டுக்குள் போய் வந்தவள் நம்மில் அவள் ஒருத்திதான். சிப்பியைப் பிளந்துகொண்டே, இதெல்லாம் குவியலாவா கெடந்துச்சு தாடியஸு என்று உன் அப்பாவைக் கேட்டாள். இல்லக்கா, தனித்தனியா பாதி மண்ணுக்குள்ள நட்டமா நின்னுச்சு, பக்கத்துல உடைஞ்ச கோப்பை, சங்குன்னு ஒரே குப்பை என்றார் இவர். அவள் கத்தியைக் கீழே போட்டுவிட்டாள். அட பாவி, கல்லு வைக்க வக்கில்லாத சனம் தான் சுட்ட செங்கல்லையே செத்தவங்க தலைமாட்டுல நட்டுதுடா, அவங்க கடைசியா குடிச்ச கோப்பை உனக்குக் குப்பையா, அதுல தீ மூட்டித் தின்னுட்டு நிக்கிறோமே என்றாள். எனக்கு வாயில் இருந்ததை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. சர்ச் கல்லறையில் பளிங்கையே பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது தோன்றவே இல்லையே மகனே. வேறு யாராவது செய்திருந்தால் சண்டைக்குப் போயிருப்போம்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் அடுப்பைப் பிரித்துச் செங்கல்லையெல்லாம் காட்டுக்குக் கொண்டுபோனோம். பிடுங்கிய குழிகள் அப்படியே இருந்தன. எது யாருடையது என்று அத்தைக்கும் தெரியவில்லை. உன் அப்பா ஒவ்வொரு குழியிலும் ஒன்றை நட்டு, பேர் தெரியலைங்க, மன்னிச்சிடுங்க என்று சொல்லிச் சொல்லி அழுதார். கடைசியில் ஒரு குழி மிஞ்சியது. தேடித் தேடிப் பார்த்த பிறகுதான் எனக்குப் பளிச்சென்று உறைத்தது, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது அப்பா கொண்டுவந்து அடுக்கியிருந்ததில் நீ ஒன்றை எடுத்துப் போனாய். பச்சை மண்ணில் சின்ன விரல் பதிந்திருக்கிறது பாரும்மா என்று காட்டினாயே, அதுதான். மற்ற மேடுகளெல்லாம் ஆள் நீளம். அந்தக் குழியை ஒட்டிய மேடு என் இரண்டு முழம்கூட இல்லை. அந்த விரல் யாருடையது என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

வேலை, லீவு என்று சாக்குச் சொல்லாதே, வயிற்றைக் காயப்போடாதே, சீக்கிரம் புறப்பட்டு வா. கர்த்தர் உன்னைக் காத்து வழிநடத்துவார். அந்தச் செங்கல்லைத் தபாலில் அனுப்பிவிடாதே. விமானத்தில் என்னவென்று கேட்டால் உள்ளதைச் சொல். பெட்டியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வா.

உன் அம்மா,
லவர்ன்