இரண்டு முடிவுகளில் எது, தேனு?

என் தேனுவுக்கு,

இந்த அகால நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். மணி ஒன்றரை. பாப்பாவுக்கு மூச்சு வருகிறதா என்று இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீ இருந்தால் திட்டியிருப்பாய். "அது தூங்குது. நீ ஏன்டி முழிச்சிக்கினு கீற? ஒண்ணு தூங்கு, இல்லன்னா எழுது."

நம் வாசிப்புக் குழு இன்னும் இரண்டாவது ஞாயிறுகளில் கூடுகிறது. நீ போன பிறகு யாரும் யாருடைய கதையையும் குறை சொல்வதில்லை. எல்லாரும் எல்லாருக்கும் "நல்லா இருக்கு" சொல்லிவிட்டு டீ குடிக்கிறோம். நம் இரண்டு பேருக்குள் அந்தச் சொல்லுக்குத் தடை இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? "நல்லா இருக்குன்னு சொன்னா படிக்கலன்னு அர்த்தம். எந்த வரியில நாக்கு தடுக்குச்சு, அத சொல்லு" என்பாய். கதையை வாய்விட்டுப் படிக்கவேண்டும், தடுக்கிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைக்கவேண்டும், அவ்வளவுதான் உன் விமர்சனமுறை. என் முதல் கதையில் முப்பது புள்ளிகளுக்குமேல் வைத்தாய். முதல் பாரா முழுக்க நிலாவும் காற்றும். "இத கையால மறைச்சிட்டு ரெண்டாவது பாராலேர்ந்து படி. கதை அங்கதான் ஆரம்பிக்குது" என்றாய். மறைத்துப் படித்தேன். ஆமாம்.

அதே கதையில் செங்கம் பஸ் கண்டக்டரை "என்னவே, சில்லறை இல்லியா" என்று பேசவிட்டிருந்தேன். அச்சில் வருகிற கதை என்றால் ஆட்கள் அப்படித்தான் பேசவேண்டும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. நீ சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆயா எட்டிப் பார்த்தது. "இந்தாளு இன்னாடி, தெனம் திருநெல்வேலிலேர்ந்து டூட்டிக்கு வந்துட்டுப் போறாரா? நம்ம பேச்சு உனக்கு அவ்ளோ கம்மியா பூட்ச்சா?" அன்றைக்குப் பட்டது வெட்கம்தான், ஆனால் நல்ல வெட்கம். இப்போது படுவது அதுவல்ல.

உன் செருப்புக் கதையைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீ அதை அனுப்பிய மறுநாள் காலை நான் என்ன பதில் போட்டேன் என்று இன்னும் போனில் இருக்கிறது. "படிச்சேன்டி. நல்லா இருக்கு. முடிவு சூப்பர். பாப்பாக்கு ஜுரம், அப்புறம் பேசறேன்." நான் படிக்கவில்லை தேனு. திறக்கவே இல்லை. பாப்பாவுக்கு ஜுரமும் இல்லை. பிள்ளை பெற்ற பிறகு ஒரு பக்கம்கூட எழுத முடியாமல் கிடந்தேன். நீ தாலுக்கா ஆபீஸில் நாள்பூரா டைப் அடித்துவிட்டு, வேங்கிக்காலில் உன் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் நின்றபடி போனிலேயே ஒரு முழுக்கதை எழுதியிருக்கிறாய். அது என்னுடையதைவிட நன்றாக இருந்துவிட்டால்? அந்தப் பயத்தில்தான் திறக்கவில்லை. அதற்கு என் குழந்தையின் உடம்பை இழுத்தேன்.

நீ "சரிடி, பாப்பாவ பாத்துக்கோ" என்று மட்டும் பதில் போட்டாய். சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் இரண்டு இளநீரோடு வந்து நின்றாய். பாப்பா முறத்தைக் கவிழ்த்துப்போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஜுரம் வுட்டுட்ச்சா?"

"ம். மத்தியானமே."

நீ அவள் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாய். பிறகு என்னைப் பார்த்தாய். கதையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "சித்திக்கு ஒரு முத்தா குடு" என்று அவளைத் தூக்கிக்கொண்டாய். அதற்கப்புறம் மூன்று வாரம். உனக்கு வந்த காய்ச்சல் நிஜமான காய்ச்சல். நான்கு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை உன் அம்மா வந்தார்கள். முதல் வருஷப் படையலுக்கு வருகிறவர்களுக்குப் பாத்திரம் கொடுக்கவேண்டாம், உன் கதையைச் சின்னப் புத்தகமாகப் போட்டுக் கொடுக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறார்கள். கையில் உன் போனிலிருந்து எடுத்த ஜெராக்ஸ் தாள்கள்.

"ஏம்மா மீனா, இதுல கடைசி ரெண்டு மாதிரி எழுதி வச்சிருக்கா. எத போடறதுன்னு பிரஸ்காரரு கேக்கறாரு. உனக்குத்தான் அனுப்பினாளாமே, நீதான படிச்ச? எது வேணும்னு சொன்னா?"

இரண்டு முடிவு இருப்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். "முடிவு சூப்பர்" என்று நான் எழுதிய அந்த நிமிஷமே உனக்குத் தெரிந்துபோயிருக்கும் இல்லையா? தெரிந்தும்தான் இளநீர் வாங்கிக்கொண்டு வந்தாயா?

அம்மாவிடம் அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நீட்டிய இரண்டு கடைசித் தாள்களில் மேலே இருந்ததைத் தொட்டு, "இதுதாம்மா. இதான் அவளுக்குப் பிடிச்சிருந்துது" என்றேன். அவர்கள் அந்தத் தாளைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

அவர்கள் போன பிறகுதான் நீ எனக்கு அனுப்பியதைப் போனில் திறந்து படித்தேன், வாய்விட்டு. கோபுர வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுக்கிற பெண். பௌர்ணமிக் கூட்டம் எல்லாம் கலைந்தபிறகு ஒரு ஜோடி மட்டும் மிஞ்சிவிடுகிறது. ஒரு முடிவில் அவள் அதைத் தன் காலில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடக்கிறாள். இன்னொன்றில் துடைத்து மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டு வெறுங்காலோடு போகிறாள். அடியில் எனக்கென்று தனியாக நீ எழுதியிருந்தாய்: "எதுன்னு எனக்கே தெரில மீனா. நீ சொன்னா அதான்."

எனக்கு ஓர் இடத்தில்கூட நாக்குத் தடுக்கவில்லை. என்னுடையதைவிட நன்றாகத்தான் இருக்கிறது.

விடிந்ததும் பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டு வேங்கிக்கால் போகிறேன். நான் படிக்கவே இல்லை, நான் காட்டிய தாள் சும்மா காட்டியது என்று அம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுவேன். அவர்கள் வெளியே போகச் சொன்னால் போவேன். பாப்பாவைச் சாக்கு வைக்கமாட்டேன், இது சத்தியம்.

அன்றைக்கே படிக்காத நான் இனி உனக்காக எதையும் தேர்ந்தெடுக்க முடியாது; சொல்லிவிட்டு வந்ததும் இந்தக் கடிதத்தைக் குழுவில் போடுவேன். படிக்கிறவர்களுக்கு ஒன்று: தேன்மொழி உங்களில் யாரிடமாவது அந்தக் கதையைப் பற்றிப் பேசியிருந்தால், எந்த முடிவு என்று ஒரு வார்த்தை விட்டிருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. சீக்கிரம் பதில் போடுங்கள்.

உன்னைச் சித்தி என்று கூப்பிட வேண்டியவளின் அம்மா,
மீனா