ஐந்து எம்பியர்

மார்ச் 3, திங்கள்
பொட்டலத்தின் வாயைச் சூட்டால் ஒட்டும் மூன்றாம் நம்பர் மெஷினில் இன்றும் எதுவும் சரியாக ஒட்டவில்லை. கடைகளிலிருந்து நமுத்த பிஸ்கட் திரும்பி வந்திருக்கிறது. பழி நல்லம்மாள் அக்கா மேல். பதினெட்டு வருஷமாக அந்த மெஷினில் நிற்கிறவர். சூப்பர்வைசர் பத்துமலை எல்லோர் முன்னாலும் கத்தினார்: "உங்களுக்குக் கை நடுங்குது லா. வெள்ளிக்கிழமை மீட்டிங். அதோட வீட்டுல இருங்க."
அக்கா கழிவறையில் வெகுநேரம் முகம் கழுவிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 4, செவ்வாய்
என் மெஷின் பத்து நிமிஷத்தில் சூடேறிவிடுகிறது. அக்காவுடையது அரைமணி ஆகியும் வெதுவெதுப்புதான். டெக்னிஷியன் தனேஸ்வரனிடம் சொன்னேன்.
"விளக்கு எரியுதுல்ல? ஹீட்டர் ஓடுதுன்னு அர்த்தம். நீங்க பிஸ்கட்டைப் பாருங்க அக்கா."
விளக்கு எரிந்தால் போதுமா?

மார்ச் 5, புதன்
சனிக்கிழமை வயரிங் வகுப்பு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். நாற்பத்து மூன்று வயதில் ஏன் இந்த வம்பு என்று எல்லோரும் கேட்ட வகுப்பு. போன வருஷம் இதே கணக்கில்தான் ஃபெயிலானேன்.
மெஷின் தகட்டில் 240 வோல்ட், 2400 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் பத்து எம்பியர் கரண்ட். வோல்ட்டை எம்பியரால் வகுத்தால் மின்தடை 24 ஓம். உள்ளே ஒரே மாதிரி இரண்டு ஹீட்டர் கம்பிகள், பக்க இணைப்பில், தனித்தனியாகக் கரண்ட் வாங்கும்படி. அப்படியானால் ஒவ்வொன்றும் 48 ஓம்.
ஒன்று அறுந்திருந்தால்? மிஞ்சுவது 48 ஓம். 240-ஐ 48-ஆல் வகுத்தால் ஐந்து எம்பியர். ஐந்தை 240-ஆல் பெருக்கினால் 1200 வாட்.
பாதிச் சூடு! விளக்கு மட்டும் முழுசாக எரியும்!
மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அதேதான்.

மார்ச் 6, வியாழன்
அளந்து பார்க்கத் தனேஸ்வரன் மறுத்துவிட்டார். நாளை வாயைத் திறப்பேனா? என் வேலையும் போச்சுன்னா?

மார்ச் 7, வெள்ளி
திறந்தேன்!
மேனேஜர் அக்காவின் வேலைநீக்கக் கடிதத்தை எடுக்கும்போதே எழுந்துவிட்டேன். "சார், மெஷினுக்கு எத்தனை எம்பியர் போகுதுன்னு அளக்கச் சொல்லுங்க. பத்து இருந்தா நானும் அக்காவோட வீட்டுக்குப் போறேன்."
பத்துமலை சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. எல்லோரும் மெஷினைச் சுற்றி நின்றோம். அளப்பதற்கு முன்பே அட்டைப்பெட்டியில் மார்க்கரால் பெரிசாக '5' என்று எழுதினேன். தனேஸ்வரன் கரண்ட் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டினார்.
5.0.
மீட்டரைத் தட்டினார். 5.0.
கரண்டை அடைத்துக் கழற்றினால் ஒரு கம்பி நடுவில் கருகி இரண்டாகக் கிடக்கிறது. புதுசு போட்டதும் பத்து எம்பியர். அக்கா முதல் பொட்டலத்தை இரண்டு கையாலும் இழுத்தார், பிரியவில்லை. கையைப் பத்துமலை முகத்துக்கு நேரே நீட்டி, "நடுங்குதா பாரு தம்பி" என்றார். முழு லைனும் கைதட்டியது. மேனேஜர் கடிதத்தைக் கிழித்தார்.
நான் கழிவறைக்கு ஓடிப்போய்த் தனியாகச் சிரித்தேன். அழுதேனா? கொஞ்சம்.

மே 24, சனி
வயரிங் பரீட்சையில் பாஸ்!! கணக்குத் தாளில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

ஜூன் 16, திங்கள்
பராமரிப்புப் பிரிவில் முதல் நாள். நீலச் சட்டை தோளில் கொஞ்சம் தொளதொளக்கிறது. டீ குடித்து முடிப்பதற்குள் தனேஸ்வரன் கூப்பிட்டார்: "அக்கா, ஆறாம் நம்பர் மோட்டார் இழுக்க மாட்டேங்குது. நான் மீட்டர் பிடிக்கிறேன், நீங்க கணக்குப் போடுங்க."
போட்டேன்.