லாபம், ரெண்டு, மூணு

இன்று காலை ஸ்டோரிலிருந்து மறுபடியும் ஆறரை சைஸ் கையுறைப் பெட்டி வந்திருக்கிறது. நம் தியேட்டரில் ஆறரை போடுகிற கை இப்போது யாருக்கும் இல்லை. டாக்டருக்கு ஏழரை, எனக்கும் ஏழரை, புதிதாகச் சேர்ந்த பெண்கள் இருவருக்கும் ஏழு. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. ஸ்டோர்க்காரர் இன்னும் பழைய பட்டியலைப் பார்த்தே அனுப்பிக்கொண்டிருக்கிறார். திருப்பி அனுப்பலாம் என்றுதான் பெட்டியை எடுத்தேன். சும்மா இருக்காமல் ஒன்றைப் பிரித்து என் கையை நுழைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் மூட்டைத் தாண்டவில்லை, டப்பென்று கிழிந்துவிட்டது. நீ செத்த பிறகும் உன் கைக்கு என் கை ஈடாகவில்லை, பார்.

எனக்கு உன்மேல் பொறாமை. நீ இருந்த நாளில் ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. செத்தவளிடம் என்ன மறைப்பு, இப்போது சொல்கிறேன். உன் கையைப் பார்த்துப் பொறாமை. உன் ஞாபகத்தைப் பார்த்துப் பொறாமை. எல்லாவற்றையும்விட, நீ என்னைப் பார்த்து ஒருநாளும் பொறாமைப்படவில்லையே, அதற்காக வயிறு எரிந்தது.

கம்யூனிட்டி காலேஜில் ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்புக்குச் சேர்ந்த முதல் வாரம் ஞாபகமிருக்கிறதா? மேடம் ஒரு தட்டில் நாற்பது கருவிகளைப் பரப்பி வைத்து, ஐந்து நிமிடம் பார்க்கச் சொல்லிவிட்டுத் துணியைப் போட்டு மூடினார். நான் பதினொன்றின் பெயரைச் சொன்னேன். நீ முப்பத்தெட்டு. “மூக்கு வளைஞ்சது, பல்லு உள்ளது, பல்லு இல்லாதது” என்று மனதுக்குள் பிரித்து வைத்துக்கொண்டதாக அப்புறம் சொன்னாய். அதே வாரம் முழங்கை வரை கழுவிக் கையைத் தூக்கிப் பிடிக்கிற பாடம். நான் எங்கள் ஊர் பட்டினத்திலிருந்து கிளம்பும் முன் அம்மாவுக்கு இரண்டு கூடை மீன் கழுவிக் கொடுத்துவிட்டு வருகிறவள். மேடம் என் பக்கத்தில் வந்து மூக்கைச் சுருக்கினார். “மீனா?” என்றார். வகுப்பே சிரித்தது. நீ உடனே, “என் கையில சேத்து வாசம் அடிக்குது மேடம், அதையும் பாருங்க” என்று உன் கையை நீட்டினாய். சிரிப்பு உன் பக்கம் திரும்பியது. நன்றி சொல்லியிருக்க வேண்டும். உன் தயவு எனக்கு எதுக்குடி என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

உன்னை மட்டம் தட்ட எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் கிடைத்தது. ஆபரேஷனில் இரத்தத்தை ஒற்றியெடுக்கிற காஸ் துணிகளை இரண்டு பேர் வாய்விட்டு எண்ண வேண்டும். எத்தனை உள்ளே போனது, தைத்து மூடும் முன் எத்தனை வெளியே வந்தது என்று கணக்கு ஒத்துப்போக வேண்டும். ஒன்று குறைந்தால் அது நோயாளியின் வயிற்றுக்குள் கிடக்கிறது என்று நினைத்துத் தேட வேண்டும். மேடம் உன்னை எண்ணச் சொன்னபோது நீ, “லாபம், ரெண்டு, மூணு” என்று ஆரம்பித்தாய்.

“என்னம்மா லாபம்?” என்றார் மேடம்.

“களத்துல நெல்லு அளக்கறப்ப மொத மரக்காலை ஒண்ணுன்னு சொல்ல மாட்டோம் மேடம். லாபம்னுதான் சொல்லுவோம். சின்னதுலேர்ந்து நான்தான் எங்கப்பாவுக்கு எண்ணுவன். வாய்ல அதான் வருது.”

திருத்திக்கொள்ளச் சொன்னார்கள். நீயும் எத்தனையோ முறை முயன்றாய். அவசரம் என்றால் லாபம்தான் வந்தது. அவள் ஊர் சுரக்குடிக் களத்தையே தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன். வீட்டிலும் உன்னைப் பற்றியே பொருமிக்கொண்டிருப்பேன். அம்மா ஒருநாள் மீன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, “அடுத்த வீட்டுக்காரி புள்ள பெத்தான்னு அம்மிக்குழவியை எடுத்து வயித்துல குத்திக்கிட்டாளாம் ஒருத்தி. ஒன் கதையும் அப்படித்தான் போவுது” என்றாள். அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

இரண்டாம் வருஷம் இந்த ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நம் வகுப்பிலிருந்து ஒரே ஒரு ஆளை டாக்டர் தன் ஆபரேஷன் டேபிளுக்கு வேலைக்கு எடுத்துக்கொள்ளப்போகிறார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. எனக்கு அந்த வேலை வேண்டும். மீன்கூடையிலிருந்து கையை எடுக்க எனக்கு வேறு வழி இல்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்தே டாக்டர் பேசாமல் கையை நீட்டுவார், அவருக்கு வேண்டியதை நீ வைத்துவிடுவாய். என்னிடம் நீட்டினால் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். சனிக்கிழமை. திருநள்ளாறு கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நீ தாமதமாவாய் என்று நம்பியிருந்தேன். எனக்கு முன்னால் வந்து கை கழுவிக்கொண்டிருந்தாய். கோட்டுச்சேரியில் இட்லிக்கடை வைத்திருந்த ஒரு அம்மாவுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற ஆபரேஷன். நீ டேபிளில் டாக்டருக்கு எதிரே. நான் வெளி ஆள், கேட்டதை எடுத்துக் கொடுத்து, கொடுத்த துணிகளைப் போர்டில் எழுதுகிறவள். பதினைந்து கொடுத்தேன், பதினைந்து எழுதினேன்.

மூடுகிற நேரம் வந்தது. வாளியில் போட்டிருந்த துணிகளை நான் இடுக்கியால் எடுத்துத் தரையில் வரிசையாகப் பரப்பினேன். நீ டேபிளிலிருந்தே எண்ணினாய். “லாபம், ரெண்டு, மூணு...” பதினான்கில் நின்றுவிட்டாய்.

“ஒண்ணு குறையுது சார்.”

“லாபத்தைச் சேத்து எண்ணுனியா, விட்டுட்டு எண்ணுனியா?” என்றார் டாக்டர். மயக்க மருந்து டாக்டர் சிரித்தார்.

“சேத்துதான் சார்.” மறுபடி எண்ணினாய். பதினான்கு.

அப்போதுதான் என் வலது செருப்பு தரையில் ஒட்டுவது போல இருந்தது. குனியாமல் பார்த்தேன். வாளிக்குத் தப்பி விழுந்த துணி என் செருப்புக்கடியில் இருந்தது, ஓரம் சிவப்பாகத் தெரிந்தது. டாக்டர் என்னிடம், “போர்டு சரியா?” என்றார். “சரிதான் சார்” என்றேன். அது பொய் இல்லை. காலை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்தி வைத்துக்கொண்டேன்.

“அப்போ உனக்குத்தான் எண்ணத் தெரியல. நூலைக் குடு.”

நீ நூல் கோத்த ஊசியை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாய். “தர மாட்டன் சார். துணி கெடைக்காம மூடக்கூடாது.”

ஒரு படிக்கிற பெண் டாக்டரிடம் பேசுகிற பேச்சா அது! அவர் கத்தினார். வயிற்றுக்குள் கையை விட்டு ஒரு முறை தேடினார், மறுபடி தேடினார். கடிகாரம் எனக்கு நேர் எதிரே இருந்தது. ஆறு நிமிடம். அந்த இட்லிக்கடை அம்மாவின் வயிறு திறந்தே கிடந்தது. நான் செருப்பை எடுக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் இவள் எண்ணத் தெரியாதவள் என்று முடிவாகிவிடும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். சீ, என்ன பிறவி நான்.

நீ என் பக்கம் திரும்பி, “தரையில நல்லாப் பாரு புள்ள. ஒனக்குத்தான் கண்ணு கூர்மை” என்றாய். அந்த நம்பிக்கையை என்னால் தாங்க முடியவில்லை. குனிந்தேன். “இதோ கெடக்குது சார்” என்றேன்.

அதை எடுத்து வரிசையில் வைத்தேன். நீ எண்ணி முடித்து நூலைக் கொடுத்தாய். தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றும்போது டாக்டர் உன்னிடம், “பரீட்சை முடிஞ்சதும் என் டேபிளுக்கு வந்துரும்மா” என்றார். உன்னைக் கவிழ்க்க நான் அழுத்திய செருப்பின் மேலேயே நீ ஏறி நின்றுகொண்டாய்.

கருவிகளைக் கழுவும்போது நீ என் முகத்தைப் பார்க்காமல், “அந்தத் துணியில செருப்புத் தடம் இருந்துச்சு, வரி வரியா” என்றாய். நான் கையிலிருந்த இடுக்கியைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். “தியேட்டர் செருப்பெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்குது. வா, டீ ஆறிடப்போவுது” என்றாய். அவ்வளவுதான். நீ என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இரண்டு வருஷம் கழித்து இரண்டாவது டேபிள் வந்தபோது என்னைக் கூப்பிடச் சொல்லி டாக்டரிடம் சொன்னதும் நீதான். அதையும் அவர் வாயால்தான் தெரிந்துகொண்டேன்.

பன்னிரண்டு வருஷம் ஒரே தியேட்டரில் நின்றோம், அந்தத் துணியைப் பற்றி நாம் பேசவே இல்லை. போன வருஷம் உன் வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் என்னைக் கூப்பிட்டனுப்பினாய். “எனக்கு நீதான் எண்ணணும்” என்றாய்.

“ஏன், வேற ஆளா இல்ல?”

“நீ ஒருதடவை மறைச்சவ. இனிமே ஒன்னால மறைக்க முடியாது. மத்தவளுவளப் பத்தி எனக்கு என்னா தெரியும்?”

அன்றைக்கு டாக்டர் உன் வயிற்றைத் திறந்தார், பார்த்தார், ஒன்றையும் தொடாமல் மூடச் சொல்லிவிட்டார். எங்கும் பரவியிருந்தது. நான் துணிகளைப் பரப்பினேன். “லாபம்” என்று என் வாயில் வந்துவிட்டது. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார், கண் கலங்கியிருந்தது. “ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. சரியா இருக்கு சார்” என்றேன்.

கட்டியை எடுத்தாயிற்று என்று உன்னிடம் சொல்லச் சொல்லி உன் வீட்டுக்காரர் எல்லோர் காலிலும் விழாத குறையாகக் கேட்டிருந்தார். நீ கண் விழித்ததும் அவரைக் கேட்கவில்லை, டாக்டரையும் கேட்கவில்லை. என்னைப் பார்த்து, “எத்தனை?” என்றாய். இருபது என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால் நீ இன்னும் கொஞ்ச நாள் நிம்மதியாக இருந்திருப்பாய்.

“அஞ்சு” என்றேன்.

“அஞ்சுதானா?” என்றாய். கட்டியை எடுத்திருந்தால் ஐந்து துணி போதாது என்று நமக்குத் தெரியாதா? என் கையைப் பிடித்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாய்.

உன் சாவுக்கு டாக்டர் வந்து ஓரமாக நின்று அழுதார். அந்த இட்லிக்கடை அம்மாகூட எங்கோ கேள்விப்பட்டு வந்திருந்தது. நான் செத்தால் இவர்கள் வருவார்களா என்று அங்கே நின்றுகொண்டும் நினைத்தேன். என்னைத் திருத்த முடியாது.

உன் ஆபரேஷன் அன்று ஒட்டிக்கொண்டதுதான், இன்றுவரை எனக்கு ஒன்று என்று எண்ண வரவில்லை. இன்று காலை ஆபரேஷனிலும் லாபத்தில்தான் ஆரம்பித்தேன். புதிதாக வந்திருக்கிற மயக்க மருந்து டாக்டர், “அட, நல்லா இருக்கே சிஸ்டர், எங்க புடிச்சீங்க இதை?” என்று கேட்டார். உன் பெயர் நாக்கு வரை வந்தது.

“எங்க வூட்டுல அப்படித்தாங்க எண்ணுவோம்” என்றேன்.

எங்கள் வீட்டில் மீனைக் கூறு வைத்து விற்போம். மரக்காலைக் கையில் எடுத்தவர் யாரும் கிடையாது. அப்படியும் சொல்லிவிட்டேன், அவரும் நம்பிவிட்டார். ஆறரைப் பெட்டியைத் திருப்பி அனுப்பவில்லை, அலமாரியில் உன் தட்டில் வைத்திருக்கிறேன். லாபத்தை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன், அன்றைக்குப் போலவே காலை அழுத்தி வைத்துக்கொண்டு நிற்கிறேன். நீ எண்ணிப் பார், ஒன்று குறையும். எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியும்.