மங்காத கல்

தம்பிக்கு,

போன் பண்ணினால் துண்டித்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம். என் கையெழுத்தைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாதே.

நேற்று எங்கள் அருங்காட்சியகத்துக்கு ஓர் ஈயத்தாதுக் கல் விலைக்கு வந்தது. தேங்காய் அளவு, கட்டம் கட்டமாக, கண்ணாடி போல் மின்னுகிறது. "பழைய சரக்கும்மா, எங்க தாத்தா காலத்துல வெட்டினது" என்றார் கல் வியாபாரி. யார் காதில் பூ சுற்றுகிறார்? ஈயத்தாதை வெட்டிய முகம் நாள்பட மங்கிப்போகும். நம் ஊர்ச் சுரங்கத்தை மூடி அறுபது வருஷமாகிறது.

மூடும்போது தாதை முழுவதும் எடுத்துவிடவில்லை. கூரை இறங்காமலிருக்க அங்கங்கே தூணாக விட்டுவைத்தார்கள். இவ்வளவு நல்ல கல் இனி அந்தத் தூண்களில்தான் கிடைக்கும். பழைய வரைபடத்தைப் பிரித்துப் பார்த்தேன்.

எந்தப் பைத்தியக்காரன் வெட்டினான் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே! கல்லைச் சுற்றியிருந்த துணியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன். பச்சைச் சட்டையின் கை. பட்டனை நீல நூலில் தைத்திருக்கிறது. பச்சை நூல் தீர்ந்துபோன அன்றைக்கு என்னை எவ்வளவு கேலி செய்தாய்.

"அடுத்த வாரம் இதைவிடப் பெருசா ஒண்ணு வருதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வரைபடத்தில் பெரிய தூண் ஒன்றுதான் இருக்கிறது. நடுத்தூண். மேலே உள்ள பாறையெல்லாம் அதன் தலையில்தான் நிற்கிறது.

மிச்சச் சட்டையை எடுத்துக்கொண்டு வா, கையை ஒட்டுத் தைத்துத் தருகிறேன். அதை வேறு யாரும் கொண்டுவந்து என்னிடம் கொடுக்கும்படி செய்துவிடாதே.

அக்கா