மதினி போட்ட இரண்டு முடிச்சு

4 நவம்பர் 2024, திங்கள்

கான்சுலேட்டிலிருந்து மெயில். விசா இன்டர்வியூ 26-ம் தேதி. மூன்று வருஷக் காத்திருப்புக்குப் பிறகு என் ஞாபகம் வந்திருக்கிறது. நியூஜெர்சியில் ஹோட்டல் சமையல்காரராக இருக்கும் என் வீட்டுக்காரர் மாரிசெல்வத்துக்குப் போன் போட்டேன். "அப்படியா, சரி" என்றார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலிருக்கிறது.

அவருடைய அக்கா பேராச்சி மதினியிடமும் சொன்னேன். கல்யாணமான மறுமாசமே அவர் பிளேன் ஏறிவிட, இந்தத் தாராவி ஒற்றை அறையில் எனக்கு வாய்த்த குடும்பம் இவள்தான். "போறது இருக்கட்டும். நாளைக்குத் தண்ணி உன் முறை, மறந்துராத" என்றாள். வாழ்த்து முடிந்தது.

10 நவம்பர்

தண்ணீர்ச் சண்டை. குழாயில் விடியுமுன் கொஞ்ச நேரம்தான் வரும். ஒருநாள் அவள் பிடிக்க வேண்டும், ஒருநாள் நான். இன்று தன் முறையே இல்லை என்று சாதித்துவிட்டுப் புரண்டு படுத்தாள். அமெரிக்காவில் இவள் இல்லை. அதற்காகவே போகலாம்.

17 நவம்பர்

கல்யாண போட்டோ கொண்டுபோக வேண்டுமாம். ஆல்பம் முழுக்க வள்ளியூர் ஸ்டுடியோக்காரரின் கைவண்ணம். ஒரு பக்கத்தில் ரோஜாப்பூவுக்குள் எங்கள் தலை மட்டும். இன்னொன்றில் பட்டுப்புடவையோடு பனிமலை மேல் நிற்கிறோம். அழகாயிருக்கிறதே என்று பனிமலையை எடுத்து வைத்தேன். தாலி கட்டும் படம் ஒன்று. போதாதா?

26 நவம்பர்

போதவில்லை.

வீட்டிலிருந்து கான்சுலேட் கூப்பிடு தூரம். நடந்தே போனேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா, பக்கத்தில் தமிழில் சொல்ல ஒருவர்.

"வெளிநாடு போனதில்லைனு எழுதியிருக்கீங்க. இது எந்த மலை?"

"வள்ளியூர் ஸ்டுடியோ மலைங்க."

சிரிக்கவில்லை. அடுத்து தாலிப் படம். "இதுல தாலி கட்டுறது யாரு?"

அப்போதுதான் நானே ஒழுங்காகப் பார்த்தேன். படம் முழுக்க மதினியின் முதுகு. அவள்தான் என் கழுத்தில் முடிச்சுப் போடுகிறாள். மாப்பிள்ளை மாலைக்குள்ளிருந்து வேறெங்கோ பார்க்கிறார். எங்கள் வழக்கம், முதல் முடிச்சு மாப்பிள்ளை, மற்ற இரண்டும் நாத்தனார் என்று விளக்கினேன்.

"மாப்பிள்ளை போட்ட முடிச்சு எங்கே?"

அந்தப் படம் ஆல்பத்திலேயே இல்லை. கல்யாணத்துக்கு இன்னும் ஆதாரம் கொண்டுவா என்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே நடந்து வந்தேன். எனக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையான்னு எனக்கே சந்தேகம் வந்துட்டு. இனி எப்பம் போவேன்? போவேனா?

27 நவம்பர்

மதினியிடம் வெடித்தேன். "உங்க முதுகு மறைச்சுத்தான் என் வாழ்க்கை நிக்குது!"

பெட்டியைத் திறந்து, தன் நல்ல புடவை மடிப்புக்குள்ளிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தாள். கல்யாண வீடியோ. எனக்குத் தெரியாமல் இத்தனை நாள் பத்திரப்படுத்தியிருக்கிறாள், மகராசி.

பக்கத்து வீட்டு ஷாலினியின் லேப்டாப்பில் பார்த்தோம். அவர் கை நடுங்குகிறது, கயிறு நழுவுகிறது. மதினி குனிந்து காதில் ஏதோ சொல்கிறாள். அப்புறம்தான் முடிச்சு விழுகிறது. அதன் பிறகு வருகிறது அந்த முதுகு.

"என்ன சொன்னீங்க?"

"'நடுங்காதல. நல்ல புள்ள, இறுக்கிப் போடு'ன்னேன்."

ஷாலினி போனதும் சொன்னாள்: "அவன் ஒண்ணு, நான் ரெண்டு. கணக்குப் பாத்தா நீ என் கூடல்லா இருக்கணும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சுத்தமாக இருந்த அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள்.

12 டிசம்பர்

வீடியோவிலிருந்து படங்கள் எடுத்துக் கொடுத்தாயிற்று. இனி காத்திருக்க வேண்டியதுதான். அதில் நான் எம்.ஏ. முடித்தவள்.

16 ஜனவரி 2025

விசா வந்துவிட்டது! மதினி தெரு முழுக்க லட்டு கொடுத்தாள். எனக்குக் கொடுக்க மறந்துவிட்டாள்.

9 பிப்ரவரி

நாளை பிளேன். இன்று தண்ணீர் என் முறை. நான் எழுவதற்குள் எல்லாக் குடமும் நிரம்பியிருந்தது. சண்டைக்குப் போனேன். மதினி முகம் கொடுக்கவில்லை.

2 மார்ச், நியூஜெர்சி

இங்கே எந்நேரம் திறந்தாலும் தண்ணீர். வெந்நீர் தனி. இவர் நல்லவர்தான். களைத்து வந்து, "எல்லாம் வசதியா இருக்கா?" என்று விருந்தாளியிடம் போலக் கேட்கிறார். வசதிக்கு என்ன குறை? பேச்சுத் துணைக்கு ஃபிரிட்ஜ் இருக்கிறது, அதுவாவது முனகும்.

சாயங்காலம் போன் வந்தது. அங்கே விடியப்போகிற நேரம். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஏட்டி, இன்னைக்கு உன் முறை. நாந்தான் புடிக்கேன். ஞாபகம் வச்சுக்க."

"இல்ல மதினி, இன்னைக்கு உங்க முறைதான்" என்று சாதித்தேன்.

குடம் நிரம்பி வழிகிற சத்தம் வந்த பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.