வாசிக்காமல் விட்ட இரண்டு வரி

அண்ணை,

இன்று வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் கலண்டரைப் புரட்டினார்கள். இந்த மாதத்துக்கு அந்தப் படம்தான் வந்திருக்கிறது. உடைந்த வளைவுகள், பாதிச் சுவரில் முளைத்த பற்றை, கீழே இரண்டு ஆடுகள். எல்லாம் சிவப்புச் சோக்குக் கட்டியால் கீறிய ஓவியம். வடிவான படம் என்று எல்லோரும் பார்த்தார்கள். நான் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன்.

இந்தக் குளிர் நாட்டுக்கு வந்து, டோர்செட் பார்க்கில் ஒரே ஊர்க்காரரான நாம் இருவரும் ஒரே அறையில் இருந்த மூன்றாம் வருடம். யாருக்கு ஊர்க் கடிதம் வந்தாலும் சத்தமாக வாசிக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். ஒருநாள் என் அக்காவின் கடிதத்தில் இரண்டு வரியைத் தாண்டி வாசித்தேன். ஷெல் குண்டு விழுந்து உங்கள் வீட்டுக் கூரை முழுக்கப் போய்விட்டது, சுவர்தான் மிச்சம் என்று எழுதியிருந்தா. பத்து வருடம் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு. அங்கே திரும்பிப் போய் இருக்கிற நினைப்பில்தான் நீங்கள் இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள்.

"என்னடாப்பா, இந்தமுறை கடிதம் சுருங்கிப்போச்சு?" என்று சிரித்தீர்கள்.

அறைக்குள் சொல்லத் துணிவு வரவில்லை. வெளியே வைத்துச் சொல்லலாமென்று, புதன்கிழமை பின்னேரம் இலவசமாக விடும் ஓவியக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். போன இடத்திலா, இப்போது கலண்டரில் வந்திருக்கிற அந்தப் படம் மாட்டியிருக்க வேண்டும்!

"உது எங்கட பக்கம் ஆரோ கீறினதே?"

"இல்லை அண்ணை, ரோமாபுரி. முந்நூறு வருசத்துக்கு முந்தி, பரோக் எண்ட கலைக் காலத்திலை கீறினதாம்."

கிட்டப் போய் அந்தப் பாதிச் சுவரைப் பார்த்தீர்கள்.

"உவன் தன்ரை வீட்டைக் கீறேல்லை. தன்ரை வீடெண்டால் இவ்வளவு வடிவாய்க் கீறக் கை வராது."

அதன்பிறகு நான் எப்படி வாயைத் திறப்பேன்? பஸ் ஏறி வந்தோம்.

அடுத்த இலையுதிர் காலம் ஆஸ்பத்திரியில் கிடந்தீர்கள். "மாரிக்கு முன்னம் என்ரை வீட்டு ஓடு மாத்தச் சொல்லி உன்ரை அக்காவுக்கு எழுதடா" என்றீர்கள்.

"மாத்தியாச்சாம் அண்ணை. அக்கா எழுதியிருக்கிறா."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவன் நான். நீங்கள் என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள்.

"மாத்தினதெண்டால் கடிதம் வந்த அண்டைக்கே சத்தமாய் வாசிச்சிருப்பாய்."

இரண்டு நாளில் போய்விட்டீர்கள்.

உங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எனக்கு நோகக்கூடாதென்று நீங்களும், உங்களுக்கு நோகக்கூடாதென்று நானும் வாயை மூடிக்கொண்டு, ஒரே அறையில் தனித்தனியே அழுதிருக்கிறோம். சேர்ந்து அழுதிருக்கலாம், அண்ணை. இப்போது ஆளில்லை.