நேரே வீட்டுக்கு

அண்ணை,

படிக்கட்டு முழுவதும் வினாகிரி கொதிக்கும் மணம். உள்ளி, மிளகு, சோயா சோஸ். கீழ்வீட்டுப் பிலிப்பைன்ஸ்காரி தெரேசா அக்கா விடுமுறை முடிந்து ஊரிலிருந்து வந்துவிட்டார், கோழி அவிக்கிறார். வேலையால் வந்த நான் பாதிப் படியில் நின்றுவிட்டேன். இது உங்கள் மணம். மன்னார்க்காரர் ஒருவரை நினைக்க எனக்கு இதுதான் கிடைத்திருக்கிறது.

ஐரோப்பா என்று சொல்லிக் கூட்டிப்போன முகவர் உங்களை மணிலாவில் விட்டுவிட்டு, கடவுச்சீட்டோடு காணாமல் போனான். ஒரு வாரம் என்றவன். இரண்டு மழைக்காலம் அங்கே இருந்தீர்கள். சந்தைக்குப் பின்னால் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்காரி லூஸ். பாத்திரம் கழுவப் போனீர்கள். பிறகு சமைத்தீர்கள். பிறகு அவளோடேயே இருந்தீர்கள். இதை நீங்கள் ஒருநாளும் ஒரே மூச்சில் சொன்னதில்லை. துண்டுகளை நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

காலையில் உள்ளி போட்டுப் பொரித்த சோறும் கருவாடும். புளியில் அவித்த மீன். பின்னேரம் கூடையோடு வாத்து முட்டை விற்பவனின் கூவல். முட்டையை உடைத்தால் உள்ளே குஞ்சு, இறகும் எலும்புமாக.

இத்தாலியில் எங்களோடு ஒரே அறையில் இருந்த நேசன் கோப்பையைத் தள்ளிவைப்பான். “அண்ணை, மனிசர் சாப்பிடேக்கை கதைக்கிற கதையே இது?”

“நீ இஞ்சை தெருவிலை நிண்டு நத்தை உறிஞ்சிறாய். கதைக்காமல் தின்.”

இரண்டாவது முகவர் ஒருவன் செபுத் தீவிலிருந்து அனுப்புவதாகச் சொல்லிக் கப்பல் ஏற்றினான். மேல்தட்டில் வரிசையாகக் கட்டில்கள். உங்கள் கட்டிலுக்குக் கீழே யாரோ ஒருவருடைய சண்டைச் சேவல், கால் கட்டியபடி. செபுவில் ஒருவரும் காத்திருக்கவில்லை. அதே கப்பலில் திரும்பினீர்கள். “அவள் ஒண்டும் கேக்கேல்லை. சோத்தைப் போட்டாள்” என்றீர்கள். அதற்குமேல் அந்தக் கதை நகரவில்லை.

மன்னாரில் அம்மா, கரைசேர்க்க வேண்டிய தங்கச்சி. மூன்றாவது முகவர் வந்தபோது போ என்று சொன்னதும் லூஸ்தான். மொஸ்கோ வழியாக இங்கே வந்து சேர்ந்தீர்கள்.

ஒரு ஞாயிறு மூவரும் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரைக்குப் போனோம். பஸ்ஸில் நெரிசல். டிக்கெட் குத்தும் இயந்திரம் முன்னால். எங்கள் டிக்கெட்டுகள் முன்பின் தெரியாத கைகளின் வழியே போய், குத்துப்பட்டு, அதே கைகளின் வழியே திரும்பி வந்தன. உங்கள் முகம் இளகிப்போனது. மணிலாவின் ஜீப்னியிலும் இப்படித்தானாம். ராணுவ ஜீப்பை நீட்டிச் செய்த வண்டி, நெற்றியில் மாதா படம், முகப்பில் தகரக் குதிரைகள். கடைசியில் இருப்பவரின் காசு கைமாறிக் கைமாறிச் சாரதியிடம் போகும். மீதியும் அப்படியே வரும்.

“ஒருத்தனும் எடுக்கமாட்டானே?” என்றான் நேசன்.

“எடுத்திட்டு எங்கை போறது? எல்லாரும் முழங்காலோடை முழங்கால் இடிச்சுக்கொண்டெல்லே இருக்கிறம்.”

மீன்பிடிப் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னீர்கள். “நான் திரும்பிப் போறன்.”

“மன்னாருக்கோ?”

“இல்லை. லூசிட்டை.”

நேசனுக்குச் சிரிப்பு. “உலகம் முழுக்க இஞ்சாலை வர அடிபடுது. இவர் அங்காலை போறாராம்.”

நீங்கள் சிரிக்கவில்லை. பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி புதுப்பித்து வரட்டும் என்றீர்கள். தங்கச்சியின் கலியாணம் முடியட்டும் என்றீர்கள். கலியாணம் முடிந்தது. குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தின் வரிசை முடியவில்லை.

குளிர்காலத்தில் இருமல் வந்தது. அந்த இருமலோடு, வேலைக்குப் போன சிஞ்ஞோரா வீட்டுப் படிகளைக் கழுவினீர்கள். பிறகு ஆஸ்பத்திரி. வைத்தியர் சொன்னதை நான் தமிழில் தொடங்க, “விளங்கினது, விடு” என்றீர்கள். “லூசுக்கு ஆர் சொல்லுறது?” என்று கேட்டீர்கள். பக்கத்தில் நின்ற தெரேசா அக்காவுக்கு அந்தப் பெயர் மட்டும் விளங்கியது. மிச்சத்தை நான் இத்தாலியனில் சொல்ல, தான் ஊருக்குப் போகும்போது நேரில் போய்ச் சொல்வதாகத் தலையாட்டினார்.

போயிருக்கிறார். இன்று படியில் நின்ற என்னைக் கண்டு வெளியே வந்தார், கையில் அகப்பை. சந்தைக்குப் பின்னால் இப்போது அகலமான வீதியாம். கடைகள் இல்லை. லூஸ் எங்கே போனாள் என்று கேட்க, அந்த நாள் ஆட்களும் இல்லை.

நீங்கள் போக நினைத்த இடம் இல்லாமல் போய்விட்டது, அண்ணை. அதனால் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

உங்களைப் புதைத்துவிட்டு வெளியே வந்தபோது, சேமக்காலை வாசலில் தெரேசா அக்கா எங்களை மறித்தார். தங்கள் ஊர் வழக்கத்தை இத்தாலியனில் சொன்னார். நான் நேசனுக்குச் சொன்னேன். “நேரே வீட்டை போகக்கூடாதாம். எங்கையாவது இருந்து ஏதும் சாப்பிட்டிட்டுப் போகவேணுமாம். இல்லாட்டில் செத்தவர் பின்னாலை வந்திடுவாராம். இடையிலை நிண்டால், அந்த இடத்திலை அவரை விட்டிட்டுப் போகலாமாம்.”

“நல்ல கதை. செத்தவீட்டாலை வந்தால் முழுகாமல் வாயிலை தண்ணியும் படக்கூடாது. இவ பாருக்குக் கூப்பிடுறா.”

ஆனாலும் நேசன் போனான். “அண்ணையின்ரை ஆக்கள். மறுக்கேலாது.” மற்றவர்களும் வீதியைக் கடந்து அந்தக் கோப்பி பாருக்குள் போனார்கள்.

நான் போகவில்லை.

கொழும்பு. பாங்கொக். மணிலா. செபு. மறுபடி மணிலா. மொஸ்கோ. உங்களை இடையில் விட்டுவிட்டுப் போனவர்கள் போதும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். பஸ் ஏறினேன். வியா மக்வேதா வீதியில் தெரிந்த கடைக்காரன் கூப்பிட்டான், திரும்பிப் பார்க்கவில்லை. அறைக் கதவைத் திறந்து, ஒரு ஆள் உள்ளே வரும் நேரம்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு சாத்தினேன். முழுகவில்லை.

நேசன் சுவிசுக்குப் போய்விட்டான். அங்கே வேலை இருக்கிறது, வா என்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்கிறான். வாறன் என்கிறேன். உங்களை இன்னொரு எல்லை கடக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.